மேற்கே தள்ளும் கூரை

காலை ஐந்தரைக்கு அபிலாஷ் எழுந்தான். மோட்டார் சுவிட்சைப் போட்டான். மேல்தொட்டி நிரம்ப இருபத்திரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் பல் தேய்த்து முகம் கழுவினான். கேட்டில் மாட்டியிருந்த பால் போசியை எடுத்து வந்து சமையலறை மேடையில் வைத்தான். அத்தை அடுப்பைப் பற்றவைத்தாள். பின்வாசல் விளக்கை அணைத்தான். நாய்க்கு நேற்றைய சோற்றில் மோர் ஊற்றி வைத்தான். தொட்டி வழியும் சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினான்.

பின்வாசல் படியில் இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. ஒரே கடையில் ஒரே நாளில் அத்தை வாங்கியது. இரண்டும் எட்டாம் நம்பர். கறுப்பு வார் மாமாவுடையது, நீல வார் இவனுடையது. குனிந்து பார்த்தான். இடது நீலம். வலது நீலம். போட்டுக்கொண்டு இறங்கினான். ஏழு மாதமாக இப்படிக் குனிந்து பார்த்துத்தான் போடுகிறான்.

அத்தை காபி டம்ளரை நீட்டினாள்.

"சக்கரை போட்டிருக்குதுங்க கண்ணு."

தினமும் போடுவாள், தினமும் சொல்வாள். இவன் வாங்கிக்கொண்டு கிணற்றடியைத் தாண்டிப் போனான். தென்னை வரிசைக்கு முன்னால் அந்தக் கட்டடம் கூரை இல்லாமல் நின்றது.

சூலூருக்குக் கிழக்கே இருக்கும் இந்தத் தோட்டத்து வீடு இவன் மாமனார் அரங்கசாமியுடையது. முதலில் பருத்தி போட்டவர். பிறகு சின்னதாய் ஒரு நூல் மில் வைத்தார். ஒரே பெண் பூஜிதா. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தாள். கல்யாணமாகி மூன்று வருடம் இவனும் அவளும் பீளமேட்டில் வாடகைக்கு இருந்தார்கள். போன ஐப்பசியில், லீவுக்கு இங்கே வந்திருந்தபோது, டெங்கு வந்தது. ஐந்தாம் நாள் இறந்தாள். முப்பது வயது. காரியத்துக்கு இங்கே வந்தவன் அப்படியே தங்கிவிட்டான். யாரும் போ என்று சொல்லவில்லை, இவனும் கிளம்பவில்லை. பம்பு கம்பெனியில் டிசைன் வேலை. இங்கிருந்தே பஸ்ஸில் போய் வந்தான்.

கொல்லையில் நிற்பது அவள் திட்டம் போட்ட நட்சத்திரக் கூடம். பன்னிரண்டடிக்குப் பத்தடி. குவிமாடம் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தாள். குவிமாடம் ஒரு கீற்று வானத்தைத்தான் காட்டும். தகரக் கூரை தண்டவாளத்தில் ஓடி ஒரு பக்கம் விலகி நின்றால் மொத்த வானமும் கிடைக்கும். மூன்று பக்கச் சுவர் ஆறடி. வடக்குச் சுவர் மட்டும் இடுப்பளவு. நம் ஊரில் துருவ நட்சத்திரம் தரையிலிருந்து பதினோரு டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தொலைநோக்கியை நேர்ப்படுத்த அது தெரிந்தாக வேண்டும். பக்கத்துத் தோட்டத்துச் சென்னியம்மாள் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, செங்கல் பத்துலீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நடுவில் கான்கிரீட் தூண். தொலைநோக்கி அதன் மேல்தான் உட்காரும். தூணுக்கு அஸ்திவாரம் தனி, தரைக்குத் தனி. இரண்டுக்கும் இடையே சுற்றிலும் இரண்டு அங்குலச் சந்து. ஆள் நடக்கும் அதிர்ச்சி தூணில் ஏறினால் சனி கிரகம் கூத்தாடும் என்பாள் பூஜிதா.

மேஸ்திரிக்கு அந்தச் சந்து உறுத்தியது. சந்தோடு விட்டுப் போனால் வேலை தெரியாதவன் என்று பேர் வரும், பூரான் வேறு குடியேறும். யாரும் கேட்காமலே ஒரு சாயங்காலம் கலவை போட்டு மூடி, மேலே சிமெண்டுப் பால் தடவி, நைசாக்கிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் மாமா பிளானைக் கொண்டுவந்து விரலை வைத்துக் காட்டினார்.

"பாப்பா சந்து போட்டிருக்கா. சந்து வேணும்."

"கொத்துனா அசிங்கமாப் போயிருமுங்க."

"போவுட்டும்."

இரண்டு நாள் உளியால் கொத்தி எடுத்தார்கள். மூன்றாம் நாள் மாமா தூணின் தலையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் தொம் தொம்மென்று குதித்தார். அறுபத்து மூன்று வயது. தண்ணீர் அசையவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் மேஸ்திரியிடம்.

வாசற்படியில் நின்ற அத்தை வெங்கடலட்சுமியும் பார்த்தாள். அன்று மத்தியானம் அவள் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். ஐப்பசிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

இதெல்லாம் இவன் சொன்ன ஒரு வாக்கியத்தால் நடந்தது.

ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு மூடிக் கிடந்தபோது, அத்தை இவன் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"கடைசியா உங்ககிட்டத்தான பேசினா? என்ன சொன்னா கண்ணு? எம்புள்ள என்ன சொன்னா?"

அவள் என்ன சொன்னாள் என்பது இவனுக்கு நன்றாக நினைவிருந்தது. சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு சின்ன விஷயம். பெற்றவளிடம் கொடுக்கிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை. இவன் மடியில் பூஜிதாவின் பை இருந்தது. பைக்குள், நட்சத்திரக் கூடத்துக்கு அவள் படம் போட்டு வைத்திருந்த நோட்டின் ஓரம் தெரிந்தது.

"தோட்டத்துல அந்த அப்சர்வேட்டரியக் கட்டி முடிச்சிருங்கன்னு சொன்னா" என்றான்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது.

காரியம் முடிந்த மறுநாள் மாமா கயிறும் ஆப்பும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். நைனாவை வைத்துக் கட்டுங்கள் என்றாள் என்பது அப்புறம் இவன் சேர்த்தது. அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். மாமா அதைக் கேட்டுத் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு எதையும் திரும்ப எடுக்க வழியில்லை.

அவளுடைய நோட்டில் ஒரே ஒரு பக்கத்தை இவன் போனில் படம் எடுத்துக் கொடுத்தான். சூலூரில் கட்டட பிளான் போடும் ஆபீசில் அதைப் பார்த்து வெள்ளைத் தாளில் சுத்தமாக வரைந்து தந்தார்கள். மாமா அதை லேமினேட் செய்து, நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்து, சாமி படத்துக்குக் கீழே சாய்த்து வைத்தார். அவளுடைய பக்கத்தில் அடித்தல் இருந்தது. திருத்தல் இருந்தது. கேள்விக்குறிகள் இருந்தன. பென்சிலில் எழுதியது போட்டோவில் விழவில்லை. சுத்தமான பிளானில் எல்லாம் முடிவாகியிருந்தது. இவன் அதைக் கவனித்தான். நோட்டைத் தன் பெட்டியின் அடியில் வைத்தான்.

வைகாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, கூரைக்கு அளவெடுக்க ஷேக் பரீத் வந்தார்.

உக்கடத்தில் பட்டறை வைத்திருக்கிறார். மில் கேட், பள்ளிக்கூட கேட், கல்யாண மண்டப கேட். தண்டவாளத்தில் ஓடும் கேட் என்றால் மில்காரர்கள் அவர் பேரைத்தான் சொல்வார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையில் சாக்பீஸ், காதில் பென்சில். கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"வானம் பாக்கற ரூமுன்னு சொன்னதும் நான் பயந்துபோட்டனுங்க. இதென்னங்க, கேட்டுத்தான! நிக்கற கேட்டப் படுக்கப் போட்டா கூரை."

மாமா சிரித்தார். "அப்ப வாட்ச்மேன் ஒருத்தரையும் படுக்கப் போடோணுமா பாய்?"

"அதுக்குத்தான் மாப்பிள்ளை இருக்காருங்களே. விடிய விடிய முழிச்சுக் கெடக்கப் போறவரு."

டேப்பின் ஒரு முனையை அபிலாஷ் பிடித்தான். சுவர் நீளம், சக்கரம் உட்காரும் இடம், கோண இரும்பின் கனம் எல்லாம் சாக்பீசால் சுவரிலேயே எழுதினார். பிறகு கூரை விலகி நிற்கும் கம்பங்களுக்கு வந்தார்.

"கூரை எந்தப் பக்கமுங்க போவுது?"

"மேக்கால" என்றார் மாமா.

பரீத் டேப்பை விட்டார். அது சர்ரென்று ஓடிச் சுருண்டது. எழுந்து மேற்கே பார்த்து நின்றார். அந்தப் பக்கம் வெறும் சோளக்காடு. அதற்கப்பால் வேலி. ஒரு மறைப்பும் இல்லை.

"மேக்கால வேண்டாமுங்க."

"ஏன்?"

"பாலக்காட்டுக் கணவாயில பொறப்பட்ட காத்து வேற எங்கீங்க போவும்? நேரா இங்கதான். மேக்கால கம்பத்து மேல கூரையத் தள்ளி நிறுத்துனா அடியில காத்து பூந்துக்கும். ஆடியில உங்க கூரைய நீங்க பல்லடத்துல போய்த் தேடோணும்."

"கெழக்கால தள்ளுனா?" அபிலாஷ் கேட்டான்.

"கெழக்கால தள்ளுனா இந்த மேக்குச் சுவரே காத்த வாங்கிக்குமுங்க. கூரை மறைவுல நிக்கும். கம்பம் நடற எடந்தான் மாறுது. வேற ஒண்ணுமில்ல."

மாமா பிளானை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "இங்க பாருங்க. அம்புக்குறி. பாப்பா மேக்கன்னு போட்டிருக்கா."

"அம்மணி போட்டது தப்புன்னு நான் சொல்லுலீங்க. காத்தப் பத்திச் சொல்றேன்."

"ஆடியில மேகமாக் கெடக்கும். யாரு தெறக்கறா?"

"தெறக்கற அந்த ஒரு நிமிசம் போதுமுங்க. காத்து சொல்லிட்டா வருது?"

மாமா முகம் மாறியது. "ஆடி பதினொண்ணு பாப்பா பொறந்தநாள் பாய். அன்னைக்குத்தான் தெறக்கறோம். ஒறம்பரை சொந்தமெல்லாம் வாராங்க. ஊட்டுக்காரிதான் முதல்ல தள்றா. மேக்கால தள்றா. சாகற நேரத்துல எம்புள்ள கேட்டது இது ஒண்ணுதான். இதுல ஒரு அங்குலம் நான் மாத்த மாட்டேன்."

பிளானைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

பரீத் டேப்பைப் பையில் போட்டார். சாக்பீசைத் தேடி எடுத்தார்.

"முப்பது வருசமா கேட்டு செய்யறனுங்க. என்ர கேட்டு சாஞ்சு ஒருத்தருக்கு அடின்னு பேரு வந்ததில்ல. திங்கக்கெழமை காலைல ஆறு மணிக்கு வாரேன். கெழக்குன்னா கம்பம் நடறேன். மேக்குன்னா வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க. கோவமெல்லாம் இல்லீங்க." வண்டியில் ஏறிய பிறகு திரும்பினார். "நீங்க எஞ்சினியருன்னாங்களே. நான் சொன்னது சரிதானுங்களா?"

"சரிதான்."

"அப்பறம் ஏனுங்க வாயத் தொறக்குல?"

அபிலாஷ் போய்க் கேட்டைத் திறந்துவிட்டான். பரீத் வண்டியைக் கிளப்பினார்.

மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போட்டான். கூரை இருநூற்று நாற்பது கிலோ வரும். காற்று அறுபது கிலோமீட்டரைத் தொட்டால் தூக்கும் விசை அதைத் தாண்டும். ஆடியில் அறுபது ஒன்றும் அதிசயமில்லை. கொக்கி போட்டால் நிற்கும். ஆனால் கூரை ஓடும்போது கொக்கி போட முடியாது. ஓடும்போது அத்தை அதற்குப் பின்னால் நிற்பாள். மாமா வேறு ஆளைப் பிடிப்பார். மேற்கு என்றால் மேற்கு என்று தலையாட்டிச் செய்துகொடுக்கிற ஆள் நாளைக்கே கிடைப்பான்.

பெட்டியின் அடியிலிருந்து நோட்டை எடுத்தான்.

அந்தப் பக்கத்தில் மேற்கு அம்புக்குறிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதற்குக் கீழே காரணம் எழுதியிருந்தாள்: மேற்கே கோயம்புத்தூர் வெளிச்சம். கூரை அந்தப் பக்கம் நின்றால் அதுவே மறைப்பு. அதற்கும் கீழே, பென்சிலில்: காத்து? நைனாகிட்ட கேக்கணும்.

இதை மட்டும் காட்டினால் போதும். மாமா ஒரு நொடியில் கிழக்கு என்பார்.

ஆனால் அடுத்த பக்கமும் இருந்தது. புரட்டாசித் தேதி. காய்ச்சலுக்கு மூன்று வாரம் முன்னால் எழுதியது. இப்போதைக்கு வேண்டாம். டெலஸ்கோப்பை வாசலில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம். தூக்கி வைக்க ஆள் இருக்கிறது.

ஆள் இவன்தான். டெலஸ்கோப் பதினெட்டுக் கிலோ. பீளமேட்டில் மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறுவான். அவள் பின்னால் வெறும் டார்ச்சை ஏந்திக்கொண்டு, பார்த்துங்க, பார்த்துங்க என்று வருவாள்.

இப்படி எழுதிய ஒருத்தி மூன்று வாரத்தில் கட்டி முடியுங்கள் என்று கேட்டிருக்க மாட்டாள். நோட்டைக் கொடுத்தால் மாமா பக்கத்தைப் புரட்டுவார். இந்த ஒரு தாளைக் கிழித்துவிட்டுக் கொடுக்கலாம். தாளின் மேல் மூலையை இரண்டு விரலால் பிடித்தான். அவள் எழுதிய கடைசிப் பக்கம் அது. அதற்குப் பிறகு நோட்டு முழுக்க வெள்ளை. விரலை எடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய அத்தை பின்வாசலில் முறம் நிறைய முருங்கைக்கீரையை வைத்துக்கொண்டு உருவிக்கொண்டிருந்தாள். இவனும் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்தான்.

"இன்னொருக்கா சொல்லுங்க கண்ணு" என்றாள்.

எதை என்று கேட்க வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு முறை கேட்பாள். இவன் சொன்னான். அதே வார்த்தைகள். இத்தனை முறை சொன்னதில் அவை பஸ்ஸில் நிறுத்தம் பேர் சொல்வது மாதிரி ஆகியிருந்தன.

"சொல்றப்ப மூஞ்சி எப்படி இருந்துது?"

இதை அவள் இதுவரை கேட்டதில்லை.

"சிரிச்சா."

"சிரிச்சாளா?"

"ஆமாங்க அத்தை."

அது ஒன்றுதான் உண்மை.

அத்தை கீரையை விட்டுவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். "எதுக்குச் சிரிச்சிருப்பா? அத்தன காச்சல்ல." மறுபடி ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு, "உங்ககிட்டச் சொன்னாச் சிரிக்கக் கூடாது" என்றாள். "வாசக் கேட்டத் தெனம் பத்துத் தடவ தள்ளித் தள்ளிப் பாக்கறனுங்க. தோள்பட்டை பழகோணுமில்ல? அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் கூரை பாதியில நின்னுதுன்னா மானம் போயிருமே."

இவன் கையிலிருந்த கொத்தில் ஓர் இலை கூட மிச்சமில்லை. வெறும் காம்பை உருவிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டாரைப் போட்டான். பால் போசியை எடுத்து வைத்தான். நாய்க்கு மோர்ச்சோறு வைத்தான். படியில் ஒரு ஜோடிதான் இருந்தது. நீலம், நீலம். போட்டுக்கொண்டான். நோட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான்.

மாமா ஏற்கெனவே அங்கே இருந்தார். மேற்குச் சுவருக்கு வெளியே தரையில் சாம்பலால் கம்பங்களுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். லேமினேட் பிளான் இடுப்பளவுச் சுவர் மேல் சாத்தியிருந்தது.

"அந்தப் பாய் முடியாதுன்னா போவுட்டும் மாப்பிள்ளை. சோமனூர்ல ஒரு ஆள் இருக்கான். போன் போட்டுட்டேன். மத்தியானம் வாரான்."

அபிலாஷ் நோட்டை நீட்டினான்.

"என்னது?"

"பூஜி நோட்டுங்க மாமா. பிளானுக்கு முந்தினது. இதப் பாத்துத்தான் அது வரைஞ்சது."

மாமா சாம்பல் கையைத் துண்டில் துடைத்தார். ஒரு தடவை போதாமல் மறுபடி துடைத்தார். வாங்கிக்கொண்டு உள்ளே வந்து தூணுக்குப் பக்கத்தில் நின்றார். கண்ணாடி இல்லாததால் கையை முழுக்க நீட்டிப் பிடித்தார். காபியோடு வந்த அத்தை அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க் கண்ணாடியை எடுத்து வந்தாள்.

விரல் அம்புக்குறியில் நின்றது. கேள்விக்குறிக்கு நகர்ந்தது. பென்சில் வரிக்கு இறங்கியது.

"நைனாகிட்ட கேக்கணும்" என்று வாய்விட்டுப் படித்தார்.

மேற்கே பார்த்தார். காலை நேரம், காற்றில்லை. சோளத் தட்டு அசையாமல் நின்றது. இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நோட்டைப் பார்த்துச் சொன்னார்:

"கெழக்கால தள்ளிரு சாமி. மேக்குக் காத்து ஆகாது."

அத்தை டம்ளரைத் தூண் மேல் வைத்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அங்கேயே நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கலாம். மாமா நோட்டை மூடத்தான் போனார். கூரை கிழக்கே போகும். யாருக்கும் அடிபடாது. ஆடி பதினொன்றில் அத்தை தள்ளுவாள். வாரம் இரண்டு முறை இவன் அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருப்பான். அத்தை எதற்குச் சிரித்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டே இருப்பாள்.

"இன்னொரு பக்கம் இருக்குதுங்க மாமா" என்றான்.

மாமா புரட்டினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"என்னங்க?" என்றாள் அத்தை. அவர் நோட்டை அவளிடம் கொடுத்தார். அவளும் படித்தாள்.

"இது எப்ப எழுதினது?"

"தேதி போட்டிருக்கா பாரு. புரட்டாசி." மாமா இவனைப் பார்த்தார். "மூணு வாரத்துக்கு முன்னால வேண்டாம்னு எழுதிப்போட்டு, அப்பறம் எப்படி..."

"அவ சொல்லலைங்க மாமா. நான்தான் சொன்னேன்."

மேல்தொட்டி நிரம்பி வழிய ஆரம்பித்தது. தண்ணீர் சுவரில் அடித்துக் கீழே வாழைக்குழியில் விழுந்தது. யாரும் நகரவில்லை.

"அத்தை கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. நோட்டு மடியில இருந்துது. சொல்லிட்டேன். நைனாவ வெச்சுன்னு சொன்னதும் நான்தான்."

மாமா தரையில் உட்கார்ந்தார். தூணில் முதுகு சாயப் போனவர், சந்தைப் பார்த்துவிட்டுச் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார். இடுப்பளவு வடக்குச் சுவரைப் பார்த்தார்.

"ஏழு மாசம்" என்றார்.

அத்தை திட்டுவாள் என்று அபிலாஷ் நினைத்தான். இன்றைக்கே பீளமேட்டில் வீடு பார்க்க வேண்டியிருக்கும் என்றும் நினைத்தான். அவள் நோட்டை மூடி, மேலே ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டினாள்.

"அப்ப எம்புள்ள ஒண்ணுமே சொல்லாமத்தான் போனாளா?"

"சொன்னாங்க அத்தை. ரொம்பச் சின்ன விசயம்."

கேட்டில் வண்டிச் சத்தம் கேட்டது. ஷேக் பரீத் சுவரோரம் வந்து நின்றார். மூன்று பேரின் முகத்தையும் பார்த்தவர் உள்ளே வரவில்லை.

"கெழக்கால பாய்" என்றார் மாமா, தலையைத் திருப்பாமல். "அவ கேட்டிருக்கா. நான் சொல்லிட்டேன். கெழக்கால. சித்த அக்கட்டால நில்லுங்க."

பரீத் கிணற்றடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள். அவராகத்தான் இருக்கும்.

"சின்னதோ பெருசோ" என்றார் மாமா, "சொல்லுங்க."

"சிரிச்சான்னீங்களே" என்றாள் அத்தை. "அதும் பொய்யா?"

"அது நெசங்க."

அபிலாஷ் சொன்னான். அவள் போன அன்று விடியும் முன் இதே வீட்டிலிருந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். இவன் அவளைத் தூக்கிக் காரில் வைத்தான். மாமா பின்னால் மில் வண்டியில் வருவதாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வரக் காத்திருந்தபோது அவள் தள்ளுவண்டியில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. படுத்தவாக்கில் அவளுக்குத் தரைதான் தெரிந்திருக்கும். எதையோ பார்த்தாள். உதடு வெடித்திருந்தது, அதோடு சிரித்தாள். இவன் குனிந்தான். இவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது நீலம். வலது கறுப்பு. லிஃப்ட் கதவு திறந்தது. நர்ஸ் வண்டியை உள்ளே தள்ளினாள். இவனை வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவு மூடுவதற்கு முன் அவள் சொன்னாள்:

"ஏனுங்க, ஒரு கால்ல நைனா செருப்பப் போட்டுட்டு வந்துட்டீங்க. பாவம், அவரு எதப் போட்டுட்டு வருவாரு?"